இயந்திரம் நின்ற பின்னும் பறக்கலாம்

விமானப் பொறியியல் கற்க விரும்புகிறேன் என்று வீட்டில் சொன்னபோது உம்மா கேட்ட முதற் கேள்வி, "ஆகாயத்தில எஞ்சின் நின்டா என்ன செய்யிற மகள்?" என்பதுதான். அன்று என்னிடம் பதில் இருக்கவில்லை. தேடிக் கற்றதை இங்கே எழுதுகிறேன்.

இயந்திரம் நின்றதும் விமானம் கல்லைப் போல விழுவதில்லை. சாய்தளத்தில் வழுக்கும் பொருளை நாம் உயர்தரப் பௌதிகவியலில் படிக்கிறோம். அதுபோலவே முன்பக்கத்தைச் சற்றுத் தாழ்த்தி இறங்கும் விமானத்தை அதன் நிறையின் ஒரு கூறு முன்னோக்கி இழுக்கிறது. அழுத்தசக்தி செலவாகி வேகம் பேணப்படுகிறது. செஸ்னா 172 என்ற சிறிய விமானம், காற்று அமைதியாக இருந்தால், 1000 அடி உயரத்திலிருந்து ஏறத்தாழ 9000 அடி தூரம் இவ்வாறு செல்லும்.

ஆபத்து வேறிடத்தில் உள்ளது. பயத்தில் முன்பக்கத்தை உயர்த்தினால் வேகம் குறைந்து, சிறகுகள் தாங்கும் ஆற்றலை இழக்கும். தாழ்வாகப் பறக்கையில் ஓடுபாதைக்குத் திரும்ப முயன்றாலும் திருப்பத்திலேயே உயரம் கரைந்துவிடும்.

2015 மார்ச் 5ஆம் திகதி நடிகர் ஹரிசன் போர்ட் 1942இல் தயாரிக்கப்பட்ட ரயன் பிடி-22 விமானத்தில் கலிபோர்னியாவின் சான்டா மொனிக்காவிலிருந்து தனியாகப் புறப்பட்டார். சிறிது நேரத்தில் இயந்திரம் வலுவிழந்தது. விமான நிலையத்துக்குத் திரும்ப அனுமதி கேட்டவர், அதுவரை செல்ல உயரம் போதாது என உணர்ந்து, அருகிலிருந்த கோல்ப் மைதானத்தில் இறங்கினார். விமானம் மரமொன்றின் உச்சியில் மோதி விழுந்தது. பலத்த காயமடைந்தாலும் அவர் உயிர் தப்பினார். தரையில் எவருக்கும் காயமில்லை.

காரணத்தை விசாரணை கண்டறிந்தது. காபுரேற்றரில் எரிபொருளை அளந்து விடும் சிறிய பாகமொன்று திருகு கழன்று இடம்பெயர்ந்திருந்தது. எரிபொருள் தீர்ந்து இயந்திரம் ஓயவில்லை. அளவுக்கு மிஞ்சிக் கலந்ததால் ஓய்ந்தது. தோள்பட்டி சரியாகப் பொருத்தப்படாததால் காயமும் கடுமையானது.

இதையெல்லாம் உம்மாவுக்கு விளக்கினேன். சற்று யோசித்துவிட்டு, "அப்ப அந்தத் திருகை யாராவது ஒருக்காப் பாத்திருக்கலாமே மகள்" என்றார்.

"அதைப் பார்க்கிற ஆளாகத்தான் வர விரும்புறேன் உம்மா" என்றேன்.