மீதிக் கணக்கிலிருந்து ஒரு நிறுவனம்

27-ஐ 4-ஆல் வகுத்தால் மீதி 3. தொடக்கப்பள்ளியிலேயே செய்து முடித்த கணக்குதான், மாணவர்களே. இந்த மீதிக் கணக்கில் இருந்த ஒரு குறையைப் போக்கப் போய், ஒரு பேராசிரியரும் அவருடைய மாணவரும் நிறுவனம் தொடங்கிய கதையை இன்று பார்ப்போம்.

1995-ஆம் ஆண்டு. உலகளாவிய வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ, அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் தம் சக ஆய்வாளர்களிடம் ஒரு சிக்கலைச் சொன்னார். ஒரே இணையப் பக்கத்தை ஒரே நேரத்தில் ஏராளமானோர் திறந்தால் நெரிசல் ஏற்படும். அதைத் தீர்ப்பது எப்படி? பயன்பாட்டுக் கணிதப் பேராசிரியர் டாம் லெய்ட்டன் இதைக் கையில் எடுத்தார். 1996-இல் பட்டமேற்படிப்புக்கு வந்த டேனி லெவின் அவருடன் சேர்ந்தார்.

பக்கங்களின் நகல்களைப் பல சர்வர்களில் பிரித்து வைக்கலாம். ஆனால் எந்த நகல் எந்தச் சர்வரில் இருக்கிறது என்று கணினிக்கு எப்படித் தெரியும்? இங்கேதான் மீதி உதவுகிறது. 1 முதல் 12 வரை எண்ணிட்ட 12 கோப்புகள், 0, 1, 2, 3 என்று 4 சர்வர்கள். கோப்பின் எண்ணை 4-ஆல் வகுத்து, வரும் மீதியே சர்வரின் எண் என்று வைத்துக்கொள்வோம். 7-ஆம் கோப்பு 3-ஆம் சர்வருக்குப் போகும். சுலபம்.

இப்போது 3-ஆம் சர்வர் பழுதாகிவிட்டது. இனி 3-ஆல் வகுக்க வேண்டும். தாளில் செய்து பாருங்கள். 1, 2, 12 ஆகிய மூன்று கோப்புகள் மட்டுமே பழைய இடத்தில் இருக்கும். மற்ற ஒன்பதும் இடம் மாறும். பழுதான சர்வரில் இருந்தவையோ 3, 7, 11 என்ற மூன்றுதான்! ஒரு வகுப்பறைக் கூரை ஒழுகுகிறது என்பதற்காகப் பள்ளி முழுவதையும் இடம் மாற்றுவதுபோல் இருக்கிறது, இல்லையா?

லெய்ட்டன், லெவின் உள்ளிட்ட ஆறு பேர் 1997-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் இதற்கு விடை இருந்தது: வட்டம். கடிகார முகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். 3, 6, 9, 12 ஆகிய இடங்களில் சர்வர்கள். ஒவ்வொரு கோப்பும் தன் எண்ணில் நின்று, அங்கே சர்வர் இல்லாவிட்டால் முள் சுற்றும் திசையில் நகர்ந்து முதலில் எதிர்ப்படும் சர்வரில் சேரும். 6-இல் உள்ள சர்வர் பழுதானால் 4, 5, 6 மட்டும் 9-க்குப் போகும். மற்றவை அசையா. 9-இன் சுமை இரட்டிப்பாகிறதே என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. அதனால்தான் ஒவ்வொரு சர்வரையும் வட்டத்தில் ஒரே இடத்தில் வைக்காமல் பல இடங்களில் சிதறி வைக்கிறார்கள். சுமை பலருக்கும் பங்காகிவிடும்.

எல்லாச் சர்வர்களும் நலமாக இருக்கும்போது 8-இல் புதிதாக ஒன்றைச் சேர்த்தால் எவை நகரும்? 7-உம் 8-உம் மட்டுமே.

லெவின் மனைவி, பிள்ளைகளோடு வாழ்ந்துகொண்டே படித்த மாணவர். இந்த யோசனையோடு 1998-இல் எம்.ஐ.டி.யின் வணிகத் திட்டப் போட்டியில் அவர்கள் கலந்துகொண்டார்கள். இறுதிச் சுற்றுவரை வந்தும் பரிசு கிடைக்கவில்லை. நடுவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஒரு வட்டத்தைக் காட்டி வியாபாரம் என்றால் யார்தான் நம்புவார்கள்? அதே ஆண்டு ஆகஸ்டில் 'அகாமாய்' நிறுவனத்தைத் தொடங்கினார்கள். ஹவாய் மொழியில் அதற்குப் 'புத்திசாலி' என்று பொருள். 1999 அக்டோபரில் அது பங்குச் சந்தைக்கு வந்தது.

2001 செப்டம்பர் 11 அன்று நியூயார்க் இரட்டைக் கோபுரத்தில் மோதிய முதல் விமானத்தில் லெவின் இருந்தார். அப்போது அவருக்கு வயது 31. நிறுவனம் நின்றுவிடவில்லை. 2013-இல் அதன் தலைமை நிர்வாகப் பொறுப்பை ஏற்றவர், கணிதப் பேராசிரியர் லெய்ட்டன்.