பதினேழு திருத்தங்கள்

பாளையங்கோட்டையில் ஜெராக்ஸ், லேமினேஷன், டிடிபி மூன்றையும் ஒரே பலகையில் எழுதித் தொங்கவிட்டிருக்கும் சின்னக் கடை என்னுடையது. கல்யாணப் பத்திரிகையும் கோயில் கொடை நோட்டீஸும்தான் சோறு போடுகின்றன. சென்ற ஐப்பசியில், மழை பெய்த ஒரு மாலையில், தபால் துறையிலிருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் மஞ்சள் பைக்குள் பாலித்தீன் சுற்றிக் கொண்டுவந்த புத்தகத்தை மேசையில் வைத்தார். 1962-இல் அவருடைய அப்பா கைக்காசு போட்டு அச்சிட்ட பக்திப் பாடல்கள். கிரவுன் அளவு, 48 பக்கம், ஈய எழுத்துக் கோத்து அடித்தது. கடைசிப் பக்கத்தில் 'பிழை – திருத்தம்' என்று இரண்டு பத்தியாகப் பதினேழு வரிகள்.

"அப்பா போற வரைக்கும் இந்தப் பதினேழையும் சொல்லிச் சொல்லி வருத்தப்பட்டாவ. புஸ்தகம் பழசு மாதிரியே இருக்கணும் தம்பி, அந்தத் தாளு, அந்த எழுத்து எல்லாம். பிழை மட்டும் இருக்கக் கூடாது. முடியுமா?"

முடியும் ஐயா என்று யோசிக்காமல் சொல்லிவிட்டேன். பழைய பத்திரிகையை ஸ்கேன் செய்து தேதியை மட்டும் மாற்றிக் கொடுப்பது எங்களுக்கு வாடிக்கைதான். பதினேழு சொல், இரண்டு நாள் வேலை என்று கணக்குப் போட்டேன். ஐந்து வாரம் ஆனது.

முதல் திருத்தத்தை வழக்கம்போலவே செய்தேன். 'கருனை' என்பது 'கருணை' ஆக வேண்டும். ஐட்ராப்பரால் தாளின் நிறத்தைத் தொட்டு, அந்த நிறத்தில் ஒரு சின்னக் கட்டம் போட்டுச் சொல்லை மறைத்து, மேலே புதிதாக டைப் செய்தேன். திரையில் பார்க்கும்போது குறை தெரியவில்லை. அச்செடுத்துப் பார்த்தால் காயத்துக்குப் பிளாஸ்திரி ஒட்டியதுபோல் அந்த ஓர் இடம் மட்டும் பளிச்சென்று நின்றது. பெரியவரிடம் காட்டவில்லை, கிழித்துப் போட்டேன்.

எங்கே தவறு என்று பார்க்கத் தாளின் பல இடங்களில் நிறத்தை அளந்தேன். நடுவில் சிவப்பு 231, பச்சை 214, நீலம் 178. வெளி ஓரத்தில் 214, 190, 146. தையல் பக்கம் நிழல் விழுந்து இன்னொரு கணக்கு. ஒரே இடத்தில் அடுத்தடுத்த இரண்டு புள்ளியைத் தொட்டால்கூட எண் மாறியது. ஐட்ராப்பர் தானாக ஒரு புள்ளியை மட்டும்தான் எடுக்கும். அந்தப் புள்ளி ஒரு நார்த் துணுக்காக இருக்கலாம், தூசியாக இருக்கலாம். அதை ஐந்துக்கு ஐந்து சராசரி என்று மாற்றிவைத்தால் கொஞ்சம் நம்பலாம். நோட்டீஸ் வேலைக்கு அது போதும். அறுபது வருடம் பழுத்த தாளுக்குப் போதாது, ஏனென்றால் அதற்கு நிறம் என்று ஒன்று கிடையாது. சமையலறைச் சுவர்போல ஒவ்வொரு சாணும் ஒவ்வொரு விதம். அதற்குப் பிறகு நிறத்தைத் தேடுவதை விட்டுவிட்டேன். தாளையே வெட்டி எடுத்து வைப்பது என்று முடிவு செய்தேன்.

அதற்கு முதலில் ஸ்கேனையே திரும்ப எடுக்க வேண்டியிருந்தது. முதல் முறை 300 டிபிஐ, ஜேபெக். இரண்டும் தப்பு. ஜேபெக் படத்தை எட்டுக்கு எட்டு புள்ளிக் கட்டங்களாகப் பிரித்துச் சுருக்குவதால் எழுத்தைச் சுற்றி அழுக்குக் கொசு மொய்த்த மாதிரி ஒரு மங்கல் சேர்ந்துவிடும். பெரிதாக்கினால்தான் தெரியும், ஆனால் பக்கத்தில் சுத்தமான ஒட்டுப் போட்டால் கண்ணுக்கு உறுத்தும். 600 டிபிஐ, டிஃப் என்று மாற்றினேன். ஒரு பக்கம் 40 எம்பி வந்தது. ஸ்கேனரில் தானாக வெளிச்சம் திருத்தும் வசதியை அணைத்தேன். அது இருந்தால் ஒவ்வொரு பக்கத்தையும் தன் இஷ்டத்துக்கு வெளுக்க வைக்கும், ஒரு பக்கத்துத் துண்டு இன்னொரு பக்கத்தோடு சேராது. பின்பக்க எழுத்து ஊடுருவித் தெரிந்ததற்குத் தாளுக்குப் பின்னால் கறுப்புச் சார்ட் அட்டை வைத்தேன். வெள்ளை மூடி ஒளியைத் திருப்பி அனுப்புவதால்தான் பின்பக்கம் தெரிகிறது. கறுப்பு அதை விழுங்கிவிடும்.

புத்தகத்தின் தையலைப் பிரிக்கப் பெரியவர் சம்மதிக்கவில்லை. என்னிடம் இருந்தது சிஐஎஸ் வகை ஸ்கேனர், கண்ணாடியை ஒட்டியிருப்பது மட்டும்தான் அதற்குத் தெளிவாகத் தெரியும். தையலோரம் தூக்கிக்கொண்டு நின்ற எழுத்தெல்லாம் மங்கிப்போனது. நண்பர் கடையிலிருந்த பழைய சிசிடி ஸ்கேனரை இரவல் வாங்கினேன். கனமான மாடு; ஆனால் அரை விரல் ஆழம் வரை பார்த்தது.

இனி ஒட்டு வேலை. பிழையான சொல்லை மறைக்க வெற்றுத் தாள் வேண்டும். பக்கத்திலேயே இடப்புறமோ வலப்புறமோ இருப்பதை எடுக்கத்தான் கை போகும். அது கூடாது. பழுப்பு ஓரத்திலிருந்து உள்நோக்கிக் குறைந்துகொண்டே வருகிறது, அதனால் இரண்டு விரல் தள்ளி எடுத்தாலே நிறம் மாறிவிடும். நேர் மேலே அல்லது நேர் கீழே, இரண்டு பாட்டுக்கு நடுவில் விட்ட இடைவெளியிலிருந்து எடுக்க வேண்டும். ஓரத்திலிருந்து அதே தூரம், அதே பழுப்பு. விளிம்பை மூன்று நான்கு புள்ளி அளவுக்கு மெத்தென்று கரையவிட்டால் ஒட்டு தெரியாது. ஹீலிங் பிரஷ் வெற்றிடத்தில் நன்றாக வேலை செய்யும், எழுத்தை ஒட்டிப் பிடித்தால் மையை இழுத்துச் சாம்பல் பூசிவிடும். எழுத்தோரத்துக்குக் குளோன் ஸ்டாம்ப்தான். இதெல்லாம் போட்டோஷாப்பில் செய்தேன். இலவசமாகக் கிடைக்கும் கிம்ப்பிலும் இவை எல்லாம் இருக்கின்றன.

தாள் ஒருவழியாக அடங்கியது. எழுத்து அடங்கவில்லை.

என் கணினியில் நூறு தமிழ் எழுத்துருவாவது இருக்கும். ஒன்றும் ஒத்துவரவில்லை. ஈய எழுத்து தாளில் அழுந்தும்போது மை விளிம்புக்குப் பிதுங்கும். நடுவில் வெளிறி ஓரம் கறுத்திருக்கும். தேய்ந்த எழுத்து ஒன்று, புதிது ஒன்று என்று ஒரே வரியில் கலந்து நிற்கும். கறுப்பும் கறுப்பில்லை, அளந்தால் 52, 44, 38 என்று காப்பி வண்டல் நிறம். இதையெல்லாம் போலியாகச் செய்யலாம்தான்: சுத்தக் கறுப்பை விட்டு அந்த வண்டல் நிறத்தைப் போட்டு, அரைப் புள்ளி மங்கலாக்கி, கொஞ்சம் துகள் தூவி, மல்டிப்ளை முறையில் தாளின் நார் தெரிய வைத்தால் நோட்டீஸ் அளவுக்கு நம்பும்படி இருக்கும். ஆனால் 'கருணை'யில் உள்ள 'ணை'யைப் பார்த்ததும் கையை எடுத்துவிட்டேன். புத்தகத்தில் இருப்பது பழைய 'ணை', முன்னால் தும்பிக்கைபோல் வளைந்து சேர்ந்த ஒற்றை எழுத்து. பெரியார் 1935 முதலே தம் ஏட்டில் பயன்படுத்திவந்த சீர்திருத்தத்தில் ஒரு பகுதியை எம்.ஜி.ஆர். அரசு 1978-இல் ஆணையாக்கிய பிறகுதான் இன்று நாம் எழுதும் ணை, லை, னை எல்லாம் பாடப்புத்தகத்துக்கு வந்தன. ணா, றா, னாவும் அப்படித்தான். யூனிகோடில் ஐகாரக் குறிக்கு ஓர் எண்தான் உண்டு. பழைய உருவமா புதியதா என்பது எழுத்துருவின் கையில், என் எழுத்துருக்கள் எல்லாம் புதியதையே காட்டின. 1962-இன் தாளில் 1978-இன் எழுத்தை வைத்தால் நிறம் எவ்வளவு ஒத்துப்போய் என்ன பயன்?

அப்புறம்தான் உறைத்தது. நான் தேடிய எழுத்துரு அந்த 48 பக்கத்துக்குள்ளேயே கிடந்தது. பக்திப் பாட்டில் 'துணை' வராமல் போகுமா? ஒன்பதாம் பக்கத்து 'துணை'யிலிருந்து 'ணை'யை வெட்டி வைத்தேன். மை, தேய்மானம், உருவம் எல்லாம் ஒரே குடும்பம். வெட்டிய எழுத்தைச் சுற்றியுள்ள தாளோடு ஒட்டினால் பழுப்பு வேறுபடும். லெவல்ஸில் அந்தத் துண்டின் தாளை மட்டும் முழு வெள்ளையாக ஏற்றிவிட்டு மல்டிப்ளை செய்தால் வெள்ளை காணாமல் போய் மை மட்டும் தங்கும். மறுநாளே எழுத்துக்கு ஒரு பட்டியல் போட்டு, எந்த எழுத்து எந்தப் பக்கத்தில் நன்றாக விழுந்திருக்கிறது என்று குறித்துக்கொண்டேன். பழைய அச்சகத்துக் கம்பாசிட்டர் டைப் கேஸுக்கு முன்னால் நிற்பதுபோல்தான் நின்றேன், அவருக்கு வாய்த்த வேகம்தான் எனக்கு வாய்க்கவில்லை.

பதினொன்றாவது திருத்தத்தில் மாட்டிக்கொண்டேன். 'தழுஉ' என்பது 'தழூஉ' ஆக வேண்டும். 'ழூ' புத்தகம் முழுக்க ஓர் இடத்திலும் இல்லை. ஒருவேளை அந்த அச்சகத்துக் கேஸிலும் இல்லாததால்தான் பிழையே வந்ததோ என்னவோ. கடைசியில் 'ழு'வை எடுத்து, 'மூ'வின் வாலில் இருந்த சுழியை வெட்டி அதோடு கோத்தேன். இணைந்த இடத்தில் மை இரட்டித்துக் கறுத்தது. அதைச் சரிக்கட்ட மட்டும் ஒரு நாள். பெரியவரிடம் காட்டியபோது பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் டீ வாங்கிக் கொடுத்தார்.

எழுத்து கூடினால் வரி நீளும் என்பதையும் சொல்ல வேண்டும். பாட்டில் கவலையில்லை, வலப்பக்கம் வெறுமையாகத்தான் கிடக்கும், மீதிச் சொற்களைத் தள்ளிவிடலாம். முன்னுரையில் உரைநடை, இரு பக்கமும் நேராக நிற்கும். அங்கே ஒரே இடைவெளியில் முழுதையும் குறைக்காமல், வரியிலுள்ள எல்லாச் சொல்லிடையிலும் துளித்துளியாகக் குறைத்தேன்.

ஒட்டு தெரிகிறதா என்று சோதிக்க ஒரு வழி கண்டுபிடித்தேன், கண்டுபிடித்தேன் என்பது பெருமைக்காக. தொழில் தெரிந்தவர்கள் எல்லாரும் செய்வதுதான். படத்துக்கு மேல் தற்காலிகமாக ஒரு கர்வ்ஸ் அடுக்கு போட்டு, கோட்டை மலையும் பள்ளமுமாக வளைத்துவிட வேண்டும். படம் கோரமாகிவிடும், ஆனால் கண்ணுக்குத் தெரியாத ஒட்டெல்லாம் தேமல்போல் வெளியே வரும். சரிசெய்துவிட்டு அந்த அடுக்கை நீக்கிவிடலாம். நான் கச்சிதம் என்று நினைத்திருந்த ஆறு இடங்கள் அதில் பல்லிளித்தன. இரண்டு இடங்களில் குற்றம் அதிகச் சுத்தம்: சுற்றிலும் பின்பக்க எழுத்தின் சாயல் லேசாகத் தெரிய, என் ஒட்டில் மட்டும் அது இல்லை.

அச்சிடும்போது ஒரு யோசனைப் பிசகு. பழைய தோற்றம் வரட்டும் என்று பழுப்பு சாயல் உள்ள மேப்லித்தோவில் முதல் பிரதி எடுத்தேன். பழுப்புப் படம் பழுப்புத் தாளில் விழுந்து இரட்டைப் பழுப்பாகிப் புகையிலைபோல வந்தது. வெள்ளைத் தாளுக்குத் திரும்பினோம்.

இந்த வேலை நடந்துகொண்டிருந்தபோது திரையைப் பார்த்த ஒருவர், மகனுடைய சான்றிதழில் பிறந்த வருடத்தை ஒரே ஓர் எண் மாற்றித் தர முடியுமா என்று கேட்டார். இவ்வளவு நுணுக்கமாகச் செய்கிறீர்களே, ஓர் எண்தானே என்றார். வேலை ஒன்றுதான், செய்முறையும் ஒன்றுதான், அதை மறுக்க முடியாது. வட்டாட்சியர் அலுவலகத்துக்கு வழி சொல்லி அனுப்பினேன். அவர் போன பிறகு பெரியவருக்குப் போன் செய்து, திருத்தியிருக்கிறோம் என்று முதல் பக்கத்தில் ஒரு வரி போட வேண்டும் ஐயா என்றேன். போடுங்க தம்பி, அப்பாவும் அதைத்தான் சொல்லியிருப்பாவ என்றார். பிழை திருத்தப் பக்கத்தையும் எடுக்காமல் அப்படியே விடுவதாகத் தீர்மானித்தோம். உடைந்த எழுத்து, விழாத புள்ளி எதையும் நான் தொடவில்லை. பட்டியலில் உள்ளது மட்டும்தான் திருத்தம்.

கடைசிப் பிரதியைச் சரிபார்க்க இருவரும் உட்கார்ந்தோம். அவர் பட்டியலை வாசிக்க, நான் பக்கத்தைப் புரட்டினேன். பதினான்காவது: பக்கம் 34, வரி 6. அந்த வரியில் அப்படி ஒரு சொல்லே இல்லை. நான் எங்கே திருத்தினேன் என்று கோப்பைத் திறந்து பார்த்தால் 43-ஆம் பக்கத்தில். சொல்லைத் தேடிப் போய்த் திருத்தியவன், எண்ணைக் கவனிக்கவே இல்லை. பட்டியலிலேயே அச்சுப்பிழை.

"இரண்டு எண்ணையும் இடம் மாத்திரட்டுமா ஐயா? அஞ்சு நிமிஷம்தான்."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே வெகு நேரம் சிரித்தார். "வேண்டாம், இருக்கட்டும். இதை மட்டும் பாத்திருந்தாவன்னா, இதுக்குன்னு தனியா ஒரு தாள் அடிச்சு ஒட்டியிருப்பாவ."