எண்ணெய் வழியும் தலைக்குச் சீயக்காயா, ஷாம்புவா?

காலையில் குளித்த தலை மாலைக்குள் பிசுபிசுத்துவிட்டால் உடனே ஷாம்புவை மாற்றத் தோன்றும். அதற்கு முன், பிசுக்கு எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடுங்கள். ஒருநாள் தலையை நன்றாக அலசி, எண்ணெய், கண்டிஷனர், சீரம் எதுவும் வைக்காமல் விடுங்கள். மறுநாள் உச்சியில் ஒரு டிஷ்யூ தாளை அழுத்தி எடுங்கள். தாளில் எண்ணெய் ஊறியிருந்தால் அது தலையே சுரப்பது. தாள் உலர்ந்திருக்க, முடி மட்டும் கனத்து ஒட்டினால், பெரும்பாலும் அது தண்ணீரோ சோப்போ விட்டுப்போன படிவு. இரண்டும் இல்லாமல் முடி லேசாக இருந்தால், அதுவரை பிசுபிசுத்தது நாம் தடவியதுதான்.

தலையே சுரப்பதாக இருந்தால் ஷாம்புதான் சரி. ஒவ்வொரு மயிர்க்காலோடும் ஓர் எண்ணெய்ச் சுரப்பி ஒட்டியிருக்கிறது. ஆண்ட்ரோஜன் ஹார்மோன்கள் அதைத் தூண்டுவதால்தான் பருவ வயதில் முகமும் தலையும் சேர்ந்தே வழிகின்றன. அடிக்கடி அலசினால் இன்னும் அதிகமாகச் சுரக்கும் என்ற பயம் பலருக்கு உண்டு. அதை நம்பிப் பிள்ளைகள் அரிப்போடு வாரம் முழுக்கக் காத்திருப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது. சுரப்பி ஹார்மோனுக்குத்தான் கட்டுப்படும், ஷாம்புவுக்கு அல்ல. மென்மையான ஷாம்புவால் ஒருநாள் விட்டு ஒருநாள் அலசலாம், தேவைப்பட்டால் தினமும். ஷாம்பு தலைத்தோலுக்கு, கண்டிஷனர் முடி நுனிக்கு மட்டும். நேரான முடிக்காரர்களுக்கு எண்ணெய் சீக்கிரம் நுனிவரை இறங்கிவிடும். சுருட்டை முடியில் அவ்வளவு வேகமாக இறங்காது.

சீயக்காயின் இடம் வேறு. எண்ணெய்க் குளியலன்று தடவிய நல்லெண்ணெயை எடுக்க, வடிகஞ்சியில் குழைத்த சீயக்காயைத்தான் நான் சொல்வேன். அதிலுள்ள சபோனின் நுரைத்து எண்ணெயைப் பிரித்துக்கொண்டு போகும். ஆனால் தினசரிக்கு அது ஒத்துவராது: கண் எரியும், சரியாக அலசாவிட்டால் தூள் தலையிலேயே தங்கும். அரப்பு இலைப்பொடி அதைவிட மென்மை. வறண்ட முடிக்கு நல்லது, எண்ணெய் தலைக்குப் போதாது.

போர் தண்ணீர்க்காரர்கள் குளியல் சோப்பைத் தலைக்குப் போடவே கூடாது. உப்புத் தண்ணீரிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து, அலசினாலும் போகாத ஒரு பிசினாகிவிடும். ஷாம்பு அப்படிப் படிவதில்லை. கடைசி அலசலுக்கு ஒரு குவளை மழைத்தண்ணீர் கிடைத்தால் இன்னும் நல்லது.

மஞ்சள் நிறத்தில் பிசுபிசுப்பான செதில், அரிப்பு, காதோரச் சிவப்பு இருந்தால் அது பொடுகு வகை. தலையெண்ணெயைத் தின்று வாழும் மலசீசியா என்ற பூஞ்சைக்கு இதில் பங்கு உண்டு. இந்தத் தலைக்கு எண்ணெய் வைப்பது அதற்குத் தீனி போடுவதுதான்; இங்கே சீயக்காயை நம்பி நாள் கடத்தாதீர்கள். 2 சதவீத கீட்டோகோனசோல் ஷாம்புவை வாரம் இருமுறை, 3 முதல் 5 நிமிடம் ஊறவிட்டு அலசினால் 2 முதல் 4 வாரங்களில் வித்தியாசம் தெரியும். கர்ப்பிணிகளும் சிறுபிள்ளைகளும் மருத்துவரைக் கேட்டுத்தான் பயன்படுத்த வேண்டும்.

பெண்களுக்குத் தலை திடீரென வழியத் தொடங்கி, மாதவிடாயும் தள்ளிப்போய், முகத்தில் ரோமமும் பருவும் கூடினால், எந்த ஷாம்பு என்ற கேள்வியை ஒத்திவைத்துவிட்டு மகப்பேறு மருத்துவரிடம் ஹார்மோன் பரிசோதனை பற்றிக் கேளுங்கள்.