மாதிரி விட்டுக்கொடுப்பது: ஓர் இளம் பொறியாளருக்குக் கடிதம்



நீரியல் ஆய்வகத்திலோ கப்பல் மாதிரிகளை இழுத்துச் சோதிக்கும் தொட்டியருகிலோ முதன்முறையாகப் பணிக்கு அமர்த்தப்படும் ஒருவர் அறிந்துகொள்ள வேண்டியவற்றுள் பெரும்பகுதி பாடநூல்களிலேயே உள்ளது. பாடநூல்கள் போதிய அழுத்தத்துடன் சொல்லாத ஒன்றைச் சொல்வதற்காகவே இக்கடிதம் எழுதப்படுகிறது. சிறிதாக்கிச் செய்யப்படும் எந்த மாதிரியும் ஒப்புமையின் எல்லா விதிகளுக்கும் ஒருசேரக் கட்டுப்படுவதில்லை. ஆகவே, எந்த விதி கைவிடப்பட்டது, எந்த அளவுக்குக் கைவிடப்பட்டது, அந்தக் குறை எவ்வழியில் ஈடுசெய்யப்படும் என்னும் மூன்றுக்கும், தொட்டியில் நீர் நிரப்புவதற்கு முன்பே, பொறியாளரிடம் விடை இருக்க வேண்டும்.

ஒப்புமை என்பது மூன்று படிகளாக அமைவது. மாதிரியின் எல்லா நீளங்களும் மூலத்தின் நீளங்களோடு ஒரே விகிதத்தில் இருப்பது வடிவ ஒப்புமை. ஒத்த இடங்களில் ஓட்டத்தின் வேகங்கள் ஒரே விகிதத்திலும் ஒரே திசையிலும் இருப்பது இயக்க ஒப்புமை. அந்த இடங்களில் செயல்படும் விசைகள் ஒவ்வொன்றும் ஒரே விகிதத்தில் குறைந்திருப்பது விசை ஒப்புமை. முதலாவதைத் தச்சரின் திறமையால் அடைந்துவிடலாம். மூன்றாவதை அடைவதற்கு விசைகளின் விகிதங்களைக் காட்டும் பரிமாணமற்ற எண்கள், அதாவது மீட்டர், கிலோகிராம், வினாடி என்ற எந்த அலகையும் சாராத எண்கள், மாதிரியிலும் மூலத்திலும் சமமாக இருந்தாக வேண்டும். ஓடும் நீரின் நிலைமத்தை ஈர்ப்பு விசையோடு ஒப்பிடுவது ஃபுரூட் எண். அதே நிலைமத்தைப் பாகுநிலையோடு, அதாவது நீரின் அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று நழுவும்போது எழும் உராய்வோடு, ஒப்பிடுவது ரெனால்ட்ஸ் எண். பரப்பு இழுவிசையோடு ஒப்பிடுவது வெபர் எண். அலைகள் எழும் இடத்தில் முதல் எண்ணும், சுவரையொட்டி உராய்வு நிகழும் இடத்தில் இரண்டாம் எண்ணும், மெல்லிய நீர்ப்படலமும் துளிகளும் உள்ள இடத்தில் மூன்றாம் எண்ணும் ஆட்சி செய்கின்றன.

இவை ஒன்றோடொன்று ஒத்துப்போகாமையே இத்துறையின் மையச் சிக்கல். பிரிட்டிஷ் கடற்படையின் கிரேஹவுண்ட் என்ற கப்பலை எடுத்துக்கொள்ளலாம். அதன் நீளம் சுமார் 52 மீட்டர்; 16-இல் ஒரு பங்காகச் சிறிதாக்கினால் மாதிரியின் நீளம் சுமார் 3.3 மீட்டர். கப்பல் 12 நாட் வேகத்தில் செல்லும்போது எழுப்பும் அலைகளை மாதிரியும் எழுப்ப வேண்டுமானால், ஃபுரூட் எண் சமமாகும்படி, 16-இன் வர்க்கமூலமான 4-ஆல் வேகத்தை வகுத்து, மாதிரியை 3 நாட் வேகத்தில் இழுக்க வேண்டும். அப்போது கப்பலின் ரெனால்ட்ஸ் எண் சுமார் 27 கோடியாக இருக்க, மாதிரியின் எண் 40 லட்சத்தைச் சற்றே தாண்டி நின்றுவிடுகிறது. மாறாக, ரெனால்ட்ஸ் எண்ணைச் சமமாக்க முனைந்தால் மாதிரியை 192 நாட் வேகத்தில் இழுக்க நேரும். அது எந்தத் தொட்டியிலும் இயலாதது. இயன்றாலும் அங்கே எழும் அலைக்கும் கப்பலின் அலைக்கும் எந்தத் தொடர்பும் இராது. இரண்டு எண்களையும் ஒருங்கே காக்க விரும்பினால், நீரின் பாகுநிலையில் 64-இல் ஒரு பங்கே உள்ள திரவம் தேவைப்படும். அடர்த்தியைக் கணக்கில் கொண்ட பாகுநிலையில் பாதரசம்கூட நீரின் ஒன்பதில் ஒரு பங்கு அளவுக்கே இறங்குகிறது. இழுவைத் தொட்டியில் நிரப்பிப் பயன்படுத்தத்தக்க அத்தகைய திரவம் இல்லை.

இந்த முட்டுக்கட்டையை வில்லியம் ஃபுரூட் எதிர்கொண்ட விதம் ஒவ்வோர் இளம் பொறியாளரும் நிதானமாகப் படிக்கத்தக்கது. 1810-இல் பிறந்து, பொறியாளர் புரூனலிடம் இருப்புப்பாதைப் பணியில் தேர்ந்த அவர், 1860-களில் ஸ்வான், ரேவன் என்று பெயரிட்ட இரண்டு வடிவங்களை 3, 6, 12 அடி நீளங்களில் செய்து, டார்ட் ஆற்றில் நீராவிப் படகின் துணையோடு இழுத்துச் சோதித்தார். ஒரே வடிவத்தின் வெவ்வேறு அளவு மாதிரிகள், நீளத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்ற வேகங்களில் செல்லும்போது, ஒரே விதமான அலைக்கோலத்தை எழுப்புவதை அவர் கண்டார். பிரான்சில் ஃபெர்டினான்ட் ரீச் இந்த ஒப்பீட்டு விதியை முன்னதாகவே எழுதியிருந்தார். ஆயினும் அதைக் கப்பல் கட்டுவோர் நம்பிப் பயன்படுத்தும் முறையாக ஆக்கியவர் ஃபுரூட். அந்த நம்பிக்கை எளிதில் கிடைத்ததன்று. சிறு மாதிரிகளின் சோதனை கேட்பதற்கு இன்பமானது, பெரிய கப்பலுக்குப் பயன்படாதது என்று ஸ்காட் ரஸ்ஸல் போன்ற பேர்பெற்ற கப்பல் வல்லுநர்களே வாதிட்டனர். அவர்கள் அறியாமையால் அப்படிச் சொல்லவில்லை. மாதிரிச் சோதனைகள் அதுவரை பொய்த்துப்போன வரலாறு அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

அவை பொய்த்ததன் காரணத்தை ஃபுரூட் கண்டறிந்தார் என்பதில்தான் அவருடைய பெருமை இருக்கிறது. மாதிரியின் மொத்தத் தடைவிசையையும் ஒரே விகிதத்தால் பெருக்குவதை விட்டு, அவர் அதை இரண்டாகப் பிரித்தார்: மேற்பரப்பில் நீர் உராய்வதால் எழும் தடை ஒன்று, அலை எழுப்புவதாலும் பிறவற்றாலும் எழும் எஞ்சிய தடை மற்றொன்று. எஞ்சிய தடை மட்டுமே தம் விதிக்குக் கட்டுப்படும் என்று கொண்டு, உராய்வை அறிவதற்குத் தனியே ஒரு சோதனைத் தொடரை மேற்கொண்டார். டார்க்கீ நகரில் தம் வீட்டருகே, கடற்படையின் நிதியுதவியோடு கட்டப்பட்ட தொட்டியில், 50 அடி வரை நீளமுள்ள மெல்லிய பலகைகளை, வார்னிஷ் பூசியும் துணி ஒட்டியும் மணல் பரப்பியும், நூற்றுக்கணக்கான முறை இழுத்தார். பலகை நீளமாக ஆக ஒரு சதுர அடிக்கான உராய்வு குறைகிறது என்பதும், வழவழப்பான பரப்பில் உராய்வு வேகத்தின் இரண்டாம் அடுக்குக்குச் சற்றுக் குறைந்த அடுக்கில் கூடுகிறது என்பதும் அப்போது தெளிவாயின. அலையோ அழகிய வடிவமோ இல்லாத வெறும் பலகைகளை இழுக்கும் அந்தச் சலிப்பூட்டும் வேலை இல்லாமல், அவருடைய பெயரால் இன்று வழங்கும் விதி ஒரு கப்பலுக்கும் உதவியிராது. இளம் பொறியாளரிடம் மெய்யான ஆய்வகப் பணியாக ஒப்படைக்கப்படுவது பெரும்பாலும் இப்படிப்பட்ட பலகை வேலையே. அதைக் கீழான வேலை என்று எண்ணுவது பெரும்பிழை.

அதன்மேலும் அவர் நிற்கவில்லை. 1871-இல் கிரேஹவுண்ட் கப்பலையே, ஆக்டிவ் என்ற மற்றொரு கப்பலால் கடலில் இழுக்கச் செய்து, கயிற்றின் இழுவிசையை அளந்தார். முன்செல்லும் கப்பல் கலக்கிய நீருக்குள் கிரேஹவுண்ட் சிக்காதிருப்பதற்காக, ஆக்டிவ் கப்பலின் பக்கவாட்டில் நீண்ட மரத்தண்டு ஒன்றைப் பொருத்தி, அதன் நுனியிலிருந்து கயிறு கட்டப்பட்டது. மாதிரியிலிருந்து கணித்த தடைவிசை வளைவரையும் கப்பலில் அளந்த வளைவரையும் வடிவில் ஒத்துப்போயின. எஞ்சிய வேறுபாட்டுக்குக் கப்பலடியின் சொரசொரப்பைக் காரணமாகக் காட்ட முடிந்தது.

ஃபுரூட்டின் பிரிவினை கோட்பாட்டளவில் முழுமையானதன்று என்பதையும் சொல்லியாக வேண்டும். உராய்வும் அலையும் ஒன்றையொன்று பாதிக்கின்றன. கப்பலின் வளைந்த உடல்மேல் எழும் உராய்வு தட்டையான பலகையின் உராய்வுக்குச் சமமாகாது. 1957-இல் மாட்ரிடில் கூடிய பன்னாட்டு இழுவைத் தொட்டி மாநாடு மாதிரிக்கும் கப்பலுக்குமான பொது உராய்வுக் கோடு ஒன்றை ஏற்றுக்கொண்டதும், பின்னர் உடல் வடிவத்துக்கான திருத்தக் காரணி சேர்க்கப்பட்டதும் இக்குறையை ஈடுசெய்யவே. ஒரு பிரிவினை நூற்றாண்டுக்கு மேல் நிலைத்து நிற்பதற்கு அது அப்பழுக்கற்றதாக இருக்க வேண்டியதில்லை. தன் குறை எங்கே இருக்கிறது என்று அது காட்டினால் போதும், பின்வருவோர் அங்கே கைவைத்துத் திருத்தலாம்.

குறையை அறியாத நிலையில் என்ன நேரும் என்பதற்குக் காற்றியலில் நல்ல சான்று உண்டு. 1912-ஆம் ஆண்டளவில், கோள வடிவப் பொருளின்மேல் காற்று செலுத்தும் தடைவிசைக் கெழுவை கஸ்தாவ் ஈஃபில் பாரிஸில் அளந்தபோது, ஜெர்மனியின் கோட்டிங்கனில் பிராண்டலின் ஆய்வகம் பெற்ற மதிப்பில் பாதிக்கும் குறைவாகவே கிடைத்தது. இரு தரப்பிலும் அளவீடு செம்மையானதே. ஈஃபிலின் சோதனைகள் உயர்ந்த ரெனால்ட்ஸ் எண்களில் நடந்தன. அங்கே கோளத்தை ஒட்டிய எல்லைப்படலம், அதாவது பரப்பையொட்டி உராய்வின் ஆட்சிக்கு உட்பட்ட மெல்லிய காற்றடுக்கு, அடுக்கடுக்காகச் சீராக ஓடும் வரிச்சீர் நிலையை இழந்து கொந்தளிப்பாக மாறி, கோளத்தின் பின்பக்கம் வரை ஒட்டிச் சென்றது. அதனால் பின்னால் உருவாகும் கலங்கிய வெளி குறுகி, தடை வீழ்ந்தது. பிராண்டல் தம் கோளத்தின் முன்பகுதியைச் சுற்றி ஒரு மெல்லிய கம்பி வளையத்தைப் பொருத்தி, எல்லைப்படலத்தை வலிந்து கொந்தளிக்கச் செய்து, குறைந்த வேகத்திலேயே அந்தக் குறைந்த தடையைப் பெற்றுக் காட்டினார். கப்பல் மாதிரியின் முனையருகே இன்றும் சிறு குமிழ்களோ கம்பியோ மணற்பட்டையோ பதிப்பது அதே காரணத்தால்தான்: மாதிரியின் ரெனால்ட்ஸ் எண்ணைக் கப்பலின் அளவுக்கு உயர்த்த முடியாவிட்டாலும், ஓட்டத்தின் வகையையாவது கப்பலில் உள்ளதாக மாற்றிவிட முடிகிறது. இரண்டு ஆய்வகங்களின் எண்கள் முரண்படும்போது, யார் தவறு செய்தார் என்று தேடுவதற்கு முன், இரண்டு அறிக்கைகளும் குறிப்பிடாமல் விட்ட பரிமாணமற்ற எண் எது என்று தேட வேண்டும்.

அணைகளின் உபரிநீர்ப் போக்கிகளைச் சோதிப்பவருக்கு இன்னும் கடுமையான பொறுப்பு உண்டு, ஏனெனில் அங்கே மாதிரி மறைப்பது உயிர்களைத் தொடும். ஈர்ப்பே ஆளும் ஓட்டம் என்பதால் ஃபுரூட் விதியே பின்பற்றப்படுகிறது. முகட்டின்மேல் வழியும் நீர் சில சென்டிமீட்டருக்கும் குறைந்துவிட்டால் பரப்பு இழுவிசை குறுக்கிட்டு அளவைக் கெடுக்கும் என்பதும், வேகமாக இறங்கும் நீர் காற்றை விழுங்குவதை மாதிரி குறைத்தே காட்டும் என்பதும் அறிந்தவையே. ஆனால் வளிமண்டல அழுத்தம் சிறிதாவதில்லை என்பதைப் பலர் மறக்கின்றனர். 50-இல் ஒரு பங்கு மாதிரியில் ஓரிடத்தில் அழுத்தம் வளிமண்டலத்துக்குக் கீழே 20 சென்டிமீட்டர் நீர்மட்ட அளவுக்குக் குறைந்தால், மாதிரியின் கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் நீர் தெளிவாகவே ஓடும். அணையில் அது 10 மீட்டர். அதாவது நீர் சாதாரண வெப்பத்திலேயே ஆவிக் குமிழிகளாகச் சிதறி, அக்குமிழிகள் சுவரருகே நொறுங்கிக் கான்கிரீட்டைக் குடைந்தெடுக்கும் நிலை. அமெரிக்காவில் கொலராடோ ஆற்றின் கிளென் கேன்யன் அணையில், 1983-ஆம் ஆண்டு வெள்ளத்தின்போது, இடப்புறப் போக்கிச் சுரங்கத்தின் கான்கிரீட் உறை இவ்வாறு குடையப்பட்டு, அடியிலிருந்த பாறையில் சுமார் 10 மீட்டர் ஆழத்துக்குக் குழி விழுந்தது. பின்னர் சுரங்கத்தில் காற்றை உட்செலுத்தும் பள்ளங்கள் அமைக்கப்பட்டன. கண்ணுக்குத் தெரியாத இந்த ஆபத்தை மாதிரியின் அழுத்தமானிகள் சொல்லத்தான் செய்யும்; அவை காட்டும் எண்ணைப் பெருக்கிப் பார்க்கும் ஒருவர் அருகில் இருக்க வேண்டும்.

வடிவ ஒப்புமையையே வேண்டுமென்று கைவிடுவதும் உண்டு. ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் 1880-களில் மான்செஸ்டரில் மெர்சி கழிமுகத்துக்கு அமைத்த மாதிரியில் கிடைநீளங்கள் சுமார் 31,800-இல் ஒரு பங்காகவும் ஆழங்கள் 960-இல் ஒரு பங்காகவும் குறைக்கப்பட்டன. ஆழத்தையும் 31,800-ஆல் வகுத்திருந்தால் கழிமுகம் முழுவதும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த ஈரமாக இருந்திருக்கும். ஒரு முழு ஓதச் சுழற்சி ஒரு நிமிடத்துக்கும் குறைவான நேரத்தில் முடிந்த அந்த மாதிரியில், மணல்திட்டுகள் உண்மைக் கழிமுகத்தில் உள்ளவற்றைப்போல் உருவாயின. அவருடைய துணிவு வியக்கத்தக்கது. எனினும் சரிவுகள் 33 மடங்கு செங்குத்தாகிவிட்ட இத்தகைய மாதிரியிலிருந்து கரையின் சரிவையோ வளைவுகளில் எழும் உட்சுழற்சியையோ படித்தெடுக்க முற்படுவது அதனால் சொல்ல இயலாததை அதனிடம் கேட்பதாகும்.

கணித மாதிரிகளுக்கும் இதே நெறி பொருந்தும். பக்கிங்ஹாம் 1914-இல் வகுத்துக் காட்டிய தேற்றத்தின்படி, கப்பலின் தடைவிசை, நீரின் அடர்த்தி, வேகம், நீளம், பாகுநிலை, ஈர்ப்பு முடுக்கம் ஆகிய ஆறும் நிறை, நீளம், காலம் என்ற மூன்று அடிப்படைப் பரிமாணங்களால் ஆனவை என்பதால், அவற்றின் உறவு மூன்று பரிமாணமற்ற எண்களுக்கிடையிலான உறவாகச் சுருங்கும். இது பேருதவிதான். ஆயினும் பட்டியலில் ஆறு வேண்டுமா ஏழு வேண்டுமா என்பதைத் தேற்றம் சொல்லாது. மேற்பரப்பின் சொரசொரப்பைச் சேர்க்க மறந்தவருக்கும் அது குறையற்ற விடையையே தரும். கணினி வழியே ஓட்டத்தைத் தீர்ப்பவர்களும் கொந்தளிப்பை முழுதாகத் தீர்ப்பதில்லை. அதன் விளைவை ஒரு தோராய மாதிரியிடம் ஒப்படைக்கின்றனர், அந்த மாதிரியின் மாறிலிகளோ குறிப்பிட்ட சில எளிய ஓட்டங்களில் அளந்து பெறப்பட்டவை. திரையில் வண்ணங்களோடு தோன்றும் படத்துக்குப் பின்னால் அந்த ஒப்படைப்பு இருக்கிறது என்பதை, படத்தைக் கேட்டு வருபவர்களிடம் பொறியாளரே எடுத்துச் சொல்ல வேண்டும்; வேறு எவரும் சொல்லப்போவதில்லை.

ஆகையால் ஒவ்வொரு சோதனை அறிக்கையிலும், முடிவுகளுக்கு முன்னால், மாதிரியிலும் மூலத்திலும் உள்ள ஃபுரூட், ரெனால்ட்ஸ், வெபர் எண்களை அருகருகே அச்சிட்ட ஓர் அட்டவணை இருப்பது நல்லது. அதைப் பார்த்து மேலதிகாரி தயங்கலாம், வாடிக்கையாளர் சங்கடப்படலாம். அதற்காக அதைப் பின்னிணைப்புக்குத் தள்ளிவிடலாகாது. மூலத்தில் அளப்பதற்கான ஏற்பாடும் முதல்நாளே தொடங்கப்பட வேண்டியது. போக்கியின் தரையில் அழுத்தமானி பதிக்க வேண்டிய இடங்களைக் கான்கிரீட் இட்ட பின்பு தேர்ந்தெடுக்க முடியாது; அவ்விடங்களைக் குறித்த வரைபடம், மாதிரிச் சோதனையின் இறுதி அறிக்கைக்குக் காத்திராமல், கட்டுமானப் பிரிவின் மேசைக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.