நோயும் ஏடும்

விருதுநகரிலிருந்து அருப்புக்கோட்டைக்குச் செல்லும் சாலையில் பாலவனத்தம் என்னும் ஊர் உள்ளது. 1901ஆம் ஆண்டில் மதுரையில் நான்காம் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய பாண்டித்துரைத் தேவர் இவ்வூரின் சமீன்தாராக விளங்கியவர். சிதறிக் கிடந்த ஓலைச்சுவடிகளைத் தேடித் தொகுத்துக் காத்தல் அச்சங்கத்தின் பணிகளுள் ஒன்று. தொகுத்துக் காவாத ஏடு செல்லுக்கு இரையாகும். இவ்வுண்மை புலவர் வீட்டுச் சுவடிகளுக்கு மட்டுமன்றி, நோயாளி வீட்டுத் தாள்களுக்கும் பொருந்தும்.

பாலவனத்தமும் அதனைச் சூழ்ந்த அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பகுதிகளும் வானம் பார்த்த பூமியாகும். கரிசல் மண்ணில் பருத்தியும் சோளமும் கம்பும் மழையை நம்பியே விளைகின்றன. அறுவடையில் வரும் பணம் ஆண்டு முழுவதற்கும் போதல் வேண்டும். இத்தகைய குடும்பத்தில் ஒருவர் கொடிய நோய்வாய்ப்படின் துன்பம் இரட்டிக்கிறது. ஒருபால் உடல் நலிகிறது. மற்றொருபால் வருவாய் குன்றிச் செலவு பெருகுகிறது.

நோயாளியை அருப்புக்கோட்டையிலும், பின்னர் விருதுநகரிலும், அதன்பின் மதுரையிலும் காட்ட நேரிடலாம். எங்கும் மருத்துவர் கேட்கும் முதல் வினா, முன்னர் உட்கொண்ட மருந்து யாது என்பதே. “சிவப்பு மாத்திரை ஒன்று, வெள்ளை மாத்திரை இரண்டு” என்னும் விடையால் பயனில்லை. மருந்தின் பெயர், அளவு, தொடங்கிய நாள், உடலுக்கு ஒவ்வாத மருந்து ஆகியவற்றை அவர் அறிதல் வேண்டும். பழைய தாள்கள் இல்லையேல், செய்த சோதனைகளையே மீண்டும் செய்ய வேண்டிவரும். பணத்தோடு நாளும் வீணாகும். கொடிய நோயில் நாள் பணத்தினும் அரிது.

குறித்து வைத்தலின் சிறப்பைச் சென்னையில் நடைபெற்ற ஓர் ஆய்வு விளக்கும். 1956ஆம் ஆண்டில் அங்குத் தொடங்கப்பெற்ற காசநோய் ஆய்வு நிலையத்தார், 193 நோயாளிகளுள் ஒரு பகுதியினருக்கு மருத்துவ விடுதியிலும், மற்றொரு பகுதியினருக்கு அவர்தம் எளிய வீடுகளிலும் மருத்துவம் செய்தனர். வீட்டிலிருந்தோர் மருந்தைத் தவறாது உட்கொள்கின்றனரா என்பதை மாத்திரைகளை எண்ணியும் சிறுநீரைச் சோதித்தும் அறிந்து குறித்தனர். வீட்டு மருத்துவமும் விடுதி மருத்துவத்துக்கு ஏறத்தாழ நிகரான பயன் தந்தது. 1959இல் வெளியான இம்முடிவு, உலகெங்கும் காசநோய் மருத்துவத்தின் போக்கையே மாற்றியது.

வீட்டிலும் இவ்வொழுங்கைக் கடைப்பிடித்தல் அரிதன்று. மருந்துச் சீட்டுகள், சோதனை முடிவுகள், மருத்துவமனையிலிருந்து விடுவிக்கும்போது தரப்படும் குறிப்பு ஆகியவற்றை நாள் வரிசைப்படி ஒரே கோப்பில் வைத்தல் வேண்டும். மூலத்தைப் பிறரிடம் கொடுக்க நேரின் படி எடுத்துக் கொள்ளுதல் நன்று. மருந்து உண்ணும் வேளையையும், அடுத்து மருத்துவரைக் காணும் நாளையும் ஒரு குறிப்பேட்டில் எழுதுதல் வேண்டும்.

மற்றொரு குறிப்பேடு கணக்குக்கு உரியது. மருந்து, பயணம், உணவு ஆகிய செலவுகளையும், வாங்கிய கடனையும் அதன் வட்டியையும் அன்றன்றே எழுதுதல் வேண்டும். எழுதாக் கடன் வளர்வது கண்ணுக்குத் தெரியாது. நகையை அடகு வைப்பதற்கு முன், அரசின் உதவி கிட்டுமா என்று பார்த்தல் அறிவுடைமை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேர, குடும்ப அட்டையும் கிராம நிருவாக அலுவலரின் வருமானச் சான்றும் தேவை. காசநோயாளிகளின் ஊட்ட உணவுக்காக நடுவண் அரசு 2018 முதல் வழங்கும் உதவித்தொகை வங்கிக் கணக்கிலேயே செலுத்தப்படுகிறது. எனவே இத்தாள்களும் வங்கிப் புத்தகமும் ஓரிடத்தில் இருத்தல் வேண்டும். அவற்றில் பெயர் எழுத்துப் பிழையின்றி ஒன்றுபோல் அமைந்துள்ளதா என்பதையும் முன்னரே நோக்குதல் நலம்.

எழுத்தறியாப் பெரியோர் உள்ள வீட்டில் இப்பணி பள்ளி செல்லும் பிள்ளைக்கே உரியது. மருந்தைக் கூட்டவும் குறைக்கவும் அப்பிள்ளைக்கு உரிமை இல்லை. அது மருத்துவர் கடமை. நோயாளியின் செய்தியை அயலாரிடம் கூறுதலும் தகாது. உள்ளதை உள்ளவாறு எழுதிக் காத்தலே அப்பிள்ளையின் கடமை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பர். ஆயினும் பிள்ளை கற்ற எழுத்து, அன்னையின் நோய்க்குறிப்பை ஒழுங்குபடுத்தும்போது உயிர் காக்கும் துணையாகிறது.