வழங்கிக்கு ஓர் இல்லம்

தெலுக் இந்தானின் சாய்ந்த கோபுரத்தை அறியாத மலேசியர் மிகச் சிலரே. 1885ஆம் ஆண்டில் லியோங் சூன் சோங் என்ற குத்தகையாளர் கட்டிய அக்கோபுரம், நகர மக்களுக்குத் தேவையான நீரைச் சேமித்து வைக்கும் தொட்டியாகப் பயன்பட்டது. அடிமண் மென்மையாக இருந்ததால் கோபுரம் பாரம் தாங்காமல் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. பலருக்கும் பயன்படும் பொருளை எங்கே வைக்கிறோம் என்பதும் முக்கியம் என்பதை இதனால் அறியலாம். இக்காலத்தில் தகவலைச் சேமிப்பதற்கும் இது பொருந்தும்.

நாம் திறன்பேசியில் ஓர் அகப்பக்கத்தைத் திறக்கும்போது, அதனை அனுப்பி வைக்கும் கணினி எங்கோ ஓரிடத்தில் இயங்குகிறது. அதுவே ‘வழங்கி’ எனப்படும். வழங்கி இரவும் பகலும் ஓயாமல் இயங்க வேண்டும்.

தெலுக் இந்தானில் உள்ள ஒரு சிறிய கூட்டுறவுக் கழகம், உறுப்பினர்களின் சேமிப்புக் கணக்குகளைச் சொந்த வழங்கியில் வைத்திருப்பதாகக் கொள்வோம். அதனை அலுவலக அறையிலேயே வைத்தால் பல சிக்கல்கள் எழலாம். மின்தடை ஏற்பட்டால் சேவை நின்றுவிடும். இடி மின்னலால் கருவி பழுதடையலாம். குளிர்சாதனம் நின்றால் வழங்கி சூடேறும். சாதாரண இணைய இணைப்பில் கணினியின் இணைய முகவரியும் அவ்வப்போது மாறக்கூடும்.

இதற்கு ஒரு தீர்வு, வழங்கியைத் தரவு மையத்தில் குடியமர்த்துவதாகும். இம்முறையை ‘கோலொகேஷன்’ என்பர். இதில் கணினி நம்முடையது. இடம் மட்டும் வாடகைக்கு. 1997ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட சைபர்ஜெயாவிலும் கோலாலம்பூரிலும் இத்தகைய மையங்கள் இயங்குகின்றன. அங்கே வழங்கிகள், 19 அங்குல அகலமுள்ள கருவிகளுக்கென அமைந்த இரும்பு அடுக்குகளில் வரிசையாகப் பொருத்தப்படுகின்றன. ஓர் ‘யூ’ என்பது 1.75 அங்குல உயரம். வழங்கி பிடிக்கும் உயரத்தையும் பயன்படுத்தும் மின்சாரத்தையும் பொறுத்து வாடகை அமையும்.

தரவு மையத்தில் மின்சாரம் தடைப்பட்டால், மின்கலன்கள் உடனே கைகொடுக்கும்; பின்னர் டீசல் ஜெனரேட்டர்கள் இயங்கத் தொடங்கும். குளிர்சாதனம் நாள் முழுதும் இயங்கும். அனுமதி பெற்றவர் மட்டுமே உள்ளே செல்லலாம். மேலும், 2006ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட மலேசிய இணையப் பரிமாற்ற மையத்தின் வழியாக, உள்நாட்டு நிறுவனங்கள் தகவல்களை வெளிநாடு சுற்றாமல் நேரடியாகப் பரிமாறிக்கொள்கின்றன. இதனால் உள்நாட்டுப் பயனர்களை அகப்பக்கம் விரைவாகச் சென்றடையும்.

வழங்கி தொலைவில் இருந்தாலும், கழகத்தின் கணினி அலுவலர் தெலுக் இந்தானில் இருந்தபடியே அதனைக் கையாளலாம். ஆனால், வன்தட்டு பழுதானால் அதனை மாற்றும் செலவு கழகத்தையே சாரும். அதற்காகச் சில மணி நேரம் பயணம் செய்ய வேண்டும். அல்லது கட்டணம் செலுத்தி மையத்தின் பணியாளரிடம் அவ்வேலையை ஒப்படைக்க வேண்டும்.

வாடகை செலுத்திவிட்டால் பொறுப்பு முடிந்துவிடுமா? 2021ஆம் ஆண்டு மார்ச் 10ஆம் நாள், பிரான்சு நாட்டின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் தரவு மையக் கட்டடம் ஒன்று தீக்கிரையானது. எண்ணற்ற அகப்பக்கங்கள் முடங்கின. வேறிடத்தில் நகல் வைத்திருந்தவர்கள் மீண்டு வந்தனர். நகல் இல்லாதவர்கள் தங்கள் தகவல்களை இழந்தனர்.

ஆகவே, கட்டடத்தையும் மின்சாரத்தையும் காப்பது மையத்தின் கடமை; தகவலைக் காப்பது உரிமையாளரின் கடமை. கடவுச்சொல்லைப் பாதுகாப்பதும், மென்பொருளைப் புதுப்பிப்பதும், வேறோர் ஊரில் நகல் வைப்பதும் அவரைச் சார்ந்தவை. உறுப்பினர்கள் நம்பி ஒப்படைத்த விவரங்கள் வெறும் எண்கள் அல்ல. அவை அவர்களின் உழைப்பின் கணக்கு. வெள்ளம் வருமுன் அணை போடுவதே அறிவுடைமை.

கருத்துணர் வினாக்கள்

1. வழங்கியை அலுவலக அறையில் வைப்பதால் எழக்கூடிய சிக்கல்கள் இரண்டனைக் குறிப்பிடுக.
2. தரவு மையத்தின் கடமையும் உரிமையாளரின் கடமையும் எவ்வாறு வேறுபடுகின்றன?
3. உன் பள்ளியின் தகவல்களைப் பாதுகாக்க நீ பரிந்துரைக்கும் வழிகள் யாவை?