ஆங்கிலக் கடிதத்தில் சின்னச் சொற்கள்

வெளிமாநில வியாபாரிகளோடு நமக்குள்ள எழுத்துப் போக்குவரத்து பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் நடக்கிறது. முன்பு தபாலும் தந்தியும். இன்று கைப்பேசியில் வருகிற நான்கு வரி. எதுவானாலும் நம்மில் பலர் வினைச்சொல்லைப் பார்த்துவிட்டு, அதை அடுத்து வரும் டு, பை, ஃபார், வித் போன்ற சின்னச் சொற்களைக் கவனிக்காமல் தாண்டிப் போய்விடுகிறோம். பணம் அங்கேதான் இருக்கிறது.

தமிழில் இந்த வேலையை வேற்றுமை உருபு செய்கிறது. 'கடையை விற்றார்', 'கடையில் விற்றார்', 'கடைக்கு விற்றார்' மூன்றிலும் வினை ஒன்றுதான். முதலாமவரிடம் கடையே இல்லை. இரண்டாமவர் சில்லறை வியாபாரி. மூன்றாமவர் நம்மைப் போல மொத்த வியாபாரி. தமிழில் பெயரோடு ஒட்டி வருவது, ஆங்கிலத்தில் தனிச்சொல்லாகப் பெயருக்கு முன்னால் நிற்கிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

வெள்ளகவிச் சரக்கையே உதாரணமாக எடுத்துக்கொள்வோம். வட்டக்கானலுக்கும் கும்பக்கரைக்கும் இடையே மலைச்சரிவில் இருக்கும் ஊர் அது. தலைமுறை தலைமுறையாக அங்கு விளைந்த காப்பியும் பழங்களும் ஒற்றையடிப் பாதையில் குதிரை முதுகில் இறங்கி வந்தவை. இறக்கிய மூட்டையை யாரும் திரும்ப மலைக்கு ஏற்றமாட்டார்கள். ஆகவே, இறக்கச் சொல்லுமுன் விலைக் கடிதத்தைச் சரியாகப் படித்தாக வேண்டும்.

கணக்கு எளிதாக இருக்கட்டும்: காப்பி கிலோ 250 ரூபாய் என்று பேச்சு. மார்க்கெட் சரிந்து, வாங்குகிற கம்பெனி 'ரெட்யூஸ்டு பை 100' என்று எழுதினால், நூறு ரூபாய் குறைத்து 150 தருவார்கள். 'ரெட்யூஸ்டு டு 100' என்றால் நூறு ரூபாய்க்குக் குறைத்துவிட்டார்கள். 50 கிலோ மூட்டை பத்துக்கு 25,000 ரூபாய் வித்தியாசம். 'இன்கிரீஸ்' என்ற சொல்லுக்கும் இதே கதைதான். (செக் செல்லும் காலத்தை ரிசர்வ் வங்கி 1-4-2012 முதல் ஆறு மாதத்திலிருந்து மூன்றாகக் குறைத்ததே, அங்கு மட்டும் பை என்றாலும் டு என்றாலும் கணக்கு ஒன்றுதான்! எப்போதும் அப்படி வாய்க்காது.)

குதிரைக் கூலி அடுத்து. 'வி வில் பே த ஹார்ஸ்மேன்' என்றால் குதிரைக்காரர் கையில் பணம் கொடுப்பார்கள் என்பது மட்டுமே உறுதி. அதைப் பிறகு நம் கணக்கில் பற்று எழுதவும் இடம் உண்டு. 'பே ஃபார் த ஹார்ஸ்' என்றால் செலவே அவர்களுடையது.

'அக்ரீ' என்ற சொல்லைப் பார்த்ததுமே லாரியில் ஏற்றிவிடுவது நம் வழக்கம். 'அக்ரீ வித் யூ' என்பது கருத்தில் ஒற்றுமை. மழையில் சரக்குக் கெட்டுவிட்டது என்று நாம் சொன்னதை அவரும் ஆமாம் என்கிறார். 'அக்ரீ டு யுவர் ரேட்' என்றால்தான் விலைக்குச் சம்மதம். 'டீல் இன் பூண்டு' என்றால் வடுகபட்டிக்காரர் மாதிரி பூண்டு வியாபாரம் செய்கிறவர். 'டீல் வித்' என்றால் இன்னாரோடு கொடுக்கல் வாங்கல். 'ஆன்சர் டு' என்பது ஒருவருக்குப் பதில் சொல்வது, 'ஆன்சர் ஃபார்' என்பது ஒன்றுக்குப் பொறுப்பேற்பது. பிந்தியதில் கையெழுத்துப் போடுமுன் இரண்டு முறை யோசிக்க வேண்டும்.

எல்லாவற்றிலும் கெட்டது 'செட்டில்'. 'செட்டில் வித்' என்றால் ஒருவரோடு கணக்குத் தீர்ப்பது. 'செட்டில் ஃபார்' என்றால் கேட்டதற்குக் குறைவாக வாங்கிக்கொண்டு போதும் என்பது. நம் வட்டாரப் பூண்டு வியாபாரி ஒருவருக்கு 50,000 பாக்கியில் 40,000 வந்தது. மீதியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்து, 'வி செட்டில் ஃபார் 40,000' என்று எழுதிக் கொடுத்தார். மீதிப் பத்தாயிரத்தைக் கேட்டபோது அந்தச் சீட்டையே எடுத்து முன்னால் வைத்தார்கள். அவர்கள் பக்கம் சட்டமும் இருந்தது. 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 63ஆம் பிரிவுப்படி, கடன் கொடுத்தவர் குறைந்த தொகையை முழுக்கடனுக்குமாக ஏற்றுக்கொண்டால் கடன் தீர்ந்தது. 5,000 ரூபாய்க் கடனுக்கு 2,000 வாங்கிக்கொள்வதைச் சட்டமே உதாரணமாகச் சொல்கிறது.

பாக்கியில் ஒரு பகுதி வந்தால் 'ரிசீவ்டு 40,000 டுவர்ட்ஸ்' என்று எழுதி இன்வாய்ஸ் எண்ணைப் போட வேண்டும். 'டுவர்ட்ஸ்' என்றால் கணக்கில் வரவு, மீதி நிற்கிறது என்று பொருள். அடியிலேயே நிற்கும் பாக்கித் தொகையையும் குறித்துவிட்டால் இன்னும் நல்லது. அடுத்த முறை ரசீதுப் புத்தகம் அச்சுக்குக் கொடுக்கும்போது அந்தச் சொல்லையும், எண்ணுக்கும் பாக்கிக்கும் இடத்தையும் சேர்த்தே அடித்து வாங்கிக்கொள்ளலாம்.